திகில் கதைக்கு மதிப்புரை எழுதுவது எப்படி? ‘குரங்குப் பாதம்’ கதையை வைத்து ஒரு செய்முறை

பேய்க்கதை, மாயாஜாலக் கதை, அறிவியல் புனைகதை என்றால் விடிய விடியப் படிக்கிறவர்கள் நம்மிடம் நிறைய. ஆனால் படித்ததைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால், “செம கதை, கடைசிவரை விறுவிறுப்பு” என்று முடித்துவிடுகிறோம். இல்லையென்றால் முழுக் கதையையும் திருப்பிச் சொல்லிவிடுகிறோம். நான் முதலில் எழுதிய மதிப்புரைகளும் இப்படித்தான் இருந்தன: ஆறு பத்தியில் ஐந்து கதைச் சுருக்கம். பிறகுதான் ஒன்று பிடிபட்டது. திகில் கதை என்றால், பயம் எந்த இடத்தில் வந்தது, ஆசிரியர் அதை எப்படி வரவழைத்தார் என்று சொல்ல வேண்டும். மாயக்கதை என்றால், நடக்கவே முடியாத ஒன்றை எந்த இடத்தில் நம்பத் தொடங்கினோம் என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இதைப் பொதுவாகப் பேசினால் கையில் ஒன்றும் நிற்காது. அதனால் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல் வெளியிட்ட ‘குரங்குப் பாதம்’ என்ற ஆங்கிலச் சிறுகதையை எடுத்துக்கொள்கிறேன். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். கீழே முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், எனவே முதலில் கதையைப் படித்துவிட்டு வாருங்கள். இந்தக் கதையை முதன்முறை படிக்கும் அனுபவம் ஒருவருக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். அதை என் பதிவு கெடுத்துவிடக் கூடாது.

படி 1: முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள்

ஒரே உட்காரலில், முடிந்தால் ராத்திரியில் படியுங்கள். குறிப்பு எடுக்காதீர்கள். குறிப்பு எடுக்கிற மனது விலகி நின்று பார்க்கும், பயப்படாது. பயப்படாத வாசகர் திகில் கதையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

முடித்த கையோடு ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதி வையுங்கள். எந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது? கண்ணை மூடினால் எந்தக் காட்சி வருகிறது? எந்த இடத்தில் “இது நம்புகிற மாதிரி இல்லையே” என்று தோன்றியது? மறுநாள் காலையில் எழுதலாம் என்று விட்டால், பகல் வெளிச்சத்தில் எல்லாமே சாதாரணமாகத் தெரியும்.

என் தாளில் சிலிர்த்த இடமாக இருந்தது கதவுத் தாழ்ப்பாள். காட்சியாக இருந்தது, திருமதி ஒயிட் நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒளித்துவைக்கும் சமையல் ஏப்ரன்.

படி 2: கதையை நாலு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்

மதிப்புரையில் கதைச் சுருக்கத்துக்கு இவ்வளவுதான் இடம். இப்படி:

“ஒயிட் தம்பதியும் மகன் ஹெர்பர்ட்டும் வாழும் வீட்டுக்கு, 21 ஆண்டுகள் இந்தியாவில் கழித்துவிட்டு வந்த ராணுவக்காரர் மோரிஸ், காய்ந்துபோன ஒரு குரங்குப் பாதத்தைக் கொண்டுவருகிறார். மூன்று பேருக்கு, ஆளுக்கு மூன்று வரம் கிடைக்கும்படி ஒரு பக்கிரி அதை மந்திரித்து வைத்திருக்கிறார். ஒயிட் 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் பணம் வருகிறது, அவர் கனவிலும் நினைக்காத வழியில்.”

அங்கேயே நிறுத்திவிடலாம். மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்தான், நிறுவனம் கொடுத்த இழப்பீடு சரியாக 200 பவுண்டு என்பதை வாசகர் கதையிலேயே தெரிந்துகொள்ளட்டும். நூறு வருஷத்துக்கு மேல் பழைய கதைதானே, முடிவைச் சொன்னால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கதைக்கு வயது 120 தாண்டியிருக்கலாம், அதை இன்றைக்குத்தான் திறக்கப்போகிற வாசகருக்கு அது புதுசு.

படி 3: சிலிர்த்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகட்டும். இப்போது பென்சிலை எடுத்துக்கொண்டு, பயம் வந்த வரியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். அந்தப் பயத்துக்கு வேண்டிய சாமான்களை ஆசிரியர் எங்கெங்கே முன்கூட்டியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பாருங்கள்.

கடைசிப் பக்கத்தை எடுப்போம். மகனை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகிறது. மனைவியின் வற்புறுத்தலால் ஒயிட், மகன் உயிரோடு வரவேண்டும் என்று இரண்டாவது வரத்தைக் கேட்டுவிட்டார். மெழுகுவத்தி அணைகிறது. வேறு எடுத்துவர மாடிப்படி இறங்குகிறார், தீக்குச்சியும் அணைகிறது. அடுத்த குச்சியைக் கிழிக்க நிற்கும்போது வாசல் கதவு தட்டப்படுகிறது. கேட்டும் கேட்காத மாதிரி, அவ்வளவு மெதுவாக.

மேலே ஓடிவருகிறார். தட்டல் பலமாகிறது. மகன்தான் வந்துவிட்டான் என்று மனைவி கீழே ஓடுகிறாள். இங்கேதான் கவனிக்க வேண்டும்: அவளோடு நாமும் கீழே போவதில்லை. ஆசிரியர் நம்மை மாடியிலேயே, இருட்டில் தரையைத் துழாவிக் குரங்குப் பாதத்தைத் தேடும் கிழவரோடு நிறுத்திவிடுகிறார். கீழே நடப்பது சத்தமாக மட்டும் வருகிறது. சங்கிலி கழலும் சத்தம். கீழ்த்தாழ்ப்பாள் நகரும் சத்தம். மேல்தாழ்ப்பாள் எட்டவில்லை, வந்து திற என்று அவள் கூப்பிடும் குரல். பிறகு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். தாழ்ப்பாள் விலகும் அதே நொடியில் பாதம் கையில் அகப்பட, கிழவர் மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். கதவு திறக்கும்போது வெளியே ஆளில்லாத தெரு, ஒரு விளக்கு.

கதவுக்கு வெளியே நின்றது என்ன? கதையில் அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் நமக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று பென்சிலோடு பின்னால் போனால், சில பத்திகளுக்கு முன்பு ஒயிட் மனைவியிடம் சொன்ன ஒரே ஒரு தகவல் கிடைக்கும்: உடம்பை அவர் அடையாளம் கண்டது உடுப்பை வைத்துத்தான். இறந்து பத்து நாளான அந்த உடம்பு எழுந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதை நம் மனதே வரைந்துகொள்கிறது. மெல்லத் தட்டியதற்கும் பலமாகத் தட்டியதற்கும் பின்னால் எந்தக் கை இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

பாழடைந்த கோட்டை, மர்மம், பயம் என்று போகும் ‘கோதிக்’ நாவல்களை எழுதிய ஆன் ராட்கிளிஃப் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார். அவர் இறந்த பிறகு 1826-ல் வெளியான ஒரு கட்டுரையில் அச்சத்தையும் கோரத்தையும் பிரிக்கிறார். அச்சம் மனதை விரியவைத்து விழிப்பாக்கும், கோரம் அதைச் சுருங்கி உறையவைத்துவிடும். நீங்கள் படிக்கும் கதை இந்த இரண்டில் எதைச் செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ரத்தமும் சதையுமாகக் காட்டும் கதை மட்டம் என்று சொல்ல வரவில்லை, அதற்கும் தனித் திறமை வேண்டும். ஆனால் உங்களுக்கு வந்தது எந்த வகைப் பயம் என்று பெயர் சொல்லத் தெரிந்தால், மதிப்புரை பாதி எழுதிய மாதிரி.

அந்த ஏப்ரனையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் நன்றாக உடுத்திய ஒருவர் மூன்று முறை தயங்கி நின்று, நான்காவது முறை உள்ளே வருகிறார். பணத்தோடு வந்திருக்கிறார் என்று நினைத்த திருமதி ஒயிட் அவசரமாக ஏப்ரனை அவிழ்த்து மெத்தைக்கடியில் செருகுகிறாள். மகன் செத்த செய்தியைக் கொண்டுவருபவரை வரவேற்க, ஒரு தாய் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறாள். இது ஒரே ஒரு வாக்கியம்தான். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து வாசகருக்குக் காட்டினால், “பாத்திரப் படைப்பு அருமை” என்று எழுத வேண்டிய தேவையே இருக்காது.

படி 4: மாயத்தின் விதிகளைப் பட்டியல் போடுங்கள்

எந்த மாயக்கதைக்கும் ஒரு சட்டம் உண்டு. இங்கே: மூன்று பேர், ஆளுக்கு மூன்று வரம். விதியோடு விளையாடினால் துன்பம்தான். வரம் பலிக்கும், ஆனால் தற்செயல் என்று சொல்லிவிடக் கூடிய விதத்தில் பலிக்கும். ஆசிரியர் தான் போட்ட சட்டத்தை மீறினாரா என்று சரிபாருங்கள். ஜேக்கப்ஸ் மீறவில்லை. பாதம் கையில் நெளிந்ததாக ஒயிட் மட்டும்தான் சொல்கிறார். மனைவி அது மனப்பிரமை என்கிறாள். இழப்பீடு தற்செயலாக இருக்கலாம். கதவைத் தட்டியது யார் என்று யாரும் பார்க்கவில்லை.

இயற்கையா, இயற்கைக்கு மீறியதா என்று வாசகர் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் இந்தத் தயக்கத்தைத்தான் இலக்கியக் கோட்பாட்டாளர் ஸ்வெதான் தொதரோவ் 1970-ல் எழுதிய நூலில் இந்த வகை இலக்கியத்தின் அடையாளமாகச் சொன்னார். எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது. டிராகன் பறக்கும் உலகத்தில் டிராகன் உண்மையா என்ற சந்தேகமே எழாது. அங்கே கேட்க வேண்டியது, மந்திரத்துக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது. அறிவியல் புனைகதையில், புதிதாகப் புகுத்திய ஒரு பொருளால் மனிதர்களின் வாழ்க்கையில் என்னென்ன மாறியது என்று பாருங்கள். பொருள் மட்டும் புதிதாக இருந்து, மனிதர்கள் அப்படியே இருந்தால் அது பலவீனம்.

படி 5: எழுதியவரையும் காலத்தையும் கொஞ்சம் விசாரியுங்கள்

கொஞ்சம் போதும். ஜேக்கப்ஸ் 1863-ல் லண்டன் வாப்பிங்கில் பிறந்தவர். மாலுமிகளையும் துறைமுக ஆட்களையும் வைத்து எழுதிய நகைச்சுவைக் கதைகளால்தான் பெயர் வாங்கினார். இது தெரிந்த பிறகு முதல் பகுதியைப் படித்துப் பாருங்கள்: சதுரங்கத்தில் தோற்கிற அப்பாவின் எரிச்சல், மகனின் கிண்டல். சிரிக்கவைக்கத் தெரிந்த கை அது. அந்தச் சிரிப்பால் நமக்கு ஹெர்பர்ட்டைப் பிடித்துப்போகிறது, அதனால்தான் பின்னால் வலிக்கிறது.

இன்னொன்றையும் நாம் கவனிக்காமல் விடக் கூடாது. இந்தக் கதையில் இந்தியா என்பது மந்திரப் பொருள் வரும் இடம், அவ்வளவுதான். பக்கிரிக்குப் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் ஹெர்பர்ட்டைக் கொன்றது இங்கிலாந்து ஆலையின் இயந்திரம். அந்த நிறுவனம் தனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொண்டே பணத்தைக் கொடுக்கிறது. பழி மட்டும் குரங்குப் பாதத்துக்குப் போகிறது. என்னைக் கேட்டால், கதையின் மிகக் குளிர்ந்த இடம் அந்த 200 பவுண்டுதான்.

படி 6: எழுதுங்கள்

400 முதல் 500 சொற்கள் போதும். முதல் பத்தியில் உங்களைத் தொட்ட இடம், அப்புறம் நாலு வாக்கியக் கதை, பிறகு அந்தப் பயம் உருவான விதம், கடைசியில் குறை. குறையையும் ஆதாரத்தோடு சொல்லுங்கள். உதாரணமாக, இவ்வளவு ஆபத்தான பொருளை மோரிஸ் ஏன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்? விற்கலாம் என்று நினைத்ததாக ஒரு வரி வருகிறது, எனக்கு அது போதவில்லை.

முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றி எழுதுவதுதான் பழக வேண்டிய வித்தை. “முடிவு யாரும் எதிர்பார்க்காதது, மிரண்டுபோனேன்” என்று எழுதினால் அது எந்தக் கதைக்கும் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்: “கடைசிப் பக்கத்தில் ஜேக்கப்ஸ் நம் கண்ணைக் கட்டிவிட்டுக் காதை மட்டும் திறந்துவிடுகிறார். ஒரு நாற்காலி தரையில் உரசும் சத்தம் இவ்வளவு பயமுறுத்தும் என்று எனக்குத் தெரியாது.” ரகசியம் வெளியே போகவில்லை, பயம் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

எழுதியதும் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். “அருமை”, “அட்டகாசம்” வருகிற இடங்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கதையிலிருந்து ஒரு பொருளை, ஒரு சத்தத்தை வைக்க முடிகிறதா பாருங்கள்.

அடுத்த பயிற்சிக்குப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். மனைவி ஒரு பிச்சைக்காரியை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். முதல் வாசிப்புக்குப் பிறகு தாளில் அந்த மூன்று விஷயத்தை எழுதுங்கள். அப்புறம் பென்சிலோடு திரும்பிப் போய், கற்பனை செய்வதே தொழிலாக இருக்கும் ஒருவர் சொல்வதை எந்த வரி வரைக்கும் நம்பினீர்கள் என்று ஒரு கோடு போடுங்கள்.