கர்னல் சிபியூ வேகத்தை எப்படி மாற்றுகிறது? ராஸ்பெர்ரி பை 4-இல் செய்து பார்ப்போம்

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினியின் சிபியூ சும்மா இருக்கும்போது 600 மெகாஹெர்ட்ஸில் ஓடும். வேலை வந்ததும் 1500-க்குத் தாவும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இதைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு சிபியூஃப்ரீக் என்று பெயர். எந்த வேகம் வேண்டும் என்று முடிவெடுப்பது கவர்னர். அந்த வேகத்தை வன்பொருளில் கொண்டுவருவது டிரைவர். இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் டிரைவர் கோடு பயமுறுத்தாது.

படி 1: முதலில் பாருங்கள்

டெர்மினலில் சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியூ, சிபியூ0, சிபியூஃப்ரீக் என்று வரிசையாக ஃபோல்டர்களுக்குள் போங்கள். அங்கே ‘ஸ்கேலிங் கவர்னர்’ என்ற கோப்பை கேட் கட்டளையால் திறந்தால் இப்போதைய கவர்னர் பெயர் வரும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் வழக்கமாக ஆன்டிமாண்ட், அதாவது வேலைக்கு ஏற்ப வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னர். ‘ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக்’ கோப்பில் 1500000 என்று இருக்கும். இது கிலோஹெர்ட்ஸ் கணக்கு. புதிய பலகைகளில் 1800000 வரலாம்.

படி 2: மாற்றுங்கள்

கவர்னர் கோப்பில் பவர்சேவ் (வேகத்தை அடிமட்டத்திலேயே வைக்கும் கவர்னர்) என்று எழுத வேண்டும். எழுத்தை வெளியிடும் எக்கோ கட்டளைக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோவைப் போட்டு, பெரிது-குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்று வரும். நானும் முதல் நாள் இதில்தான் மாட்டிக்கொண்டேன். திருப்பிவிடும் வேலையைச் செய்வது உங்கள் ஷெல், அதாவது டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல். அதற்கு ரூட் (நிர்வாகி) உரிமை கிடையாது. எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக, வந்ததைக் கோப்பில் எழுதும் ‘சூடோ டீ’ கட்டளைக்கு அனுப்புங்கள், சரியாகிவிடும்.

நீங்கள் எழுதியது சிபியூ0-க்குத்தான். ஆனால் நான்கு கோர்களும் சேர்ந்தே மாறும், ஏனென்றால் இந்தச் சிப்பில் நான்குக்கும் ஒரே கடிகாரம். கர்னல் மொழியில் இந்தக் கூட்டுக்கு பாலிசி என்று பெயர்.

ஒரு விஷயம்: இன்டெல் மடிக்கணினியில் இன்டெல் பிஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் முறையில் இருந்தால், அங்கே பவர்சேவ் என்பதற்கு வேறு பொருள். அது வேகத்தை அடிமட்டத்தில் கட்டிப்போடாது. வேலைக்கு ஏற்ப ஏற்றி இறக்கும்.

படி 3: ஏன் மின்சாரம் மிச்சமாகிறது

இதை அவசரப்படாமல் படியுங்கள். டிரான்சிஸ்டர்கள் மாறுவதால் செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வரும் அளவுக்கு ஏற்பக் கூடும், குறையும். அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் இந்த மின்திறன் பாதியாகும், ஆனால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். மொத்த ஆற்றலில் மிச்சம் ஏதுமில்லை! மின்னழுத்தத்தையும் 20 சதவீதம் குறைத்தால், 0.8-இன் வர்க்கம் 0.64, அதே வேலைக்கான ஆற்றல் 36 சதவீதம் குறைகிறது. உண்மையான லாபம் மின்னழுத்தத்தில்தான் இருக்கிறது.

அதனால் அதிர்வெண்ணோடு மின்னழுத்தமும் மாறுகிறது. எதை முதலில் மாற்றுவது என்ற வரிசையை டிரைவர் தப்பவிடவே கூடாது. வேகம் கூட்டும்போது முதலில் மின்னழுத்தத்தை உயர்த்தி, அப்புறம் அதிர்வெண்ணை உயர்த்த வேண்டும். குறைக்கும்போது முதலில் அதிர்வெண், பிறகு மின்னழுத்தம். தலைகீழாகச் செய்தால் போதிய மின்னழுத்தம் இல்லாமல் சிப் வேகமாக ஓடும். கணக்குகள் தப்பும், கணினி உறைந்துவிடும். பை 4-இல் கர்னல் வேகத்தைக் கேட்டால் போதும், மின்னழுத்தத்தை ஃபர்ம்வேர் (பலகையோடு வரும் உள்நிரல்) கவனித்துக்கொள்ளும். வேறு பல ஆர்ம் பலகைகளில் இந்த வரிசையை, எந்த வேகத்துக்கு எந்த மின்னழுத்தம் என்ற பட்டியலை வைத்திருக்கும் கர்னலின் ஓபிபி பகுதி காக்கிறது.

படி 4: சோதியுங்கள்

கவர்னரைத் திரும்ப ஆன்டிமாண்டுக்கு மாற்றுங்கள். முடிவில்லாமல் எழுத்தைக் கொட்டும் யெஸ் கட்டளையின் வெளியீட்டை, வந்ததையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பி ஓடவிடுங்கள். இன்னொரு டெர்மினலில் ‘ஸ்கேலிங் கர் ஃப்ரீக்’ கோப்பைப் பாருங்கள், எண் ஏறும். ஆனால் அதில் தெரிவது பெரும்பாலும் கர்னல் கேட்ட வேகம். சிப் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஃபர்ம்வேர் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். உண்மையான வேகம் தெரிய வேண்டுமானால் விசிஜென்சிஎம்டி கருவியிடம் ஆர்ம் கடிகாரத்தை அளக்கச் சொல்லுங்கள்.

படி 5: டிரைவரைத் திறங்கள்

கர்னல் மூலநிரலில் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் சிபியூஃப்ரீக் ஃபோல்டர் இருக்கிறது. பெரிய கோப்புகளை இப்போது தொடாதீர்கள். சிபியூஃப்ரீக்-டிடி என்ற சிறிய கோப்பே போதும். அதில் இனிட் என்ற செயற்கூறு வேகப் பட்டியலைப் பாலிசியோடு இணைக்கிறது. டார்கெட் இன்டெக்ஸ், கவர்னர் கேட்ட வேகத்துக்குரிய வரிசை எண்ணை வாங்கி, பட்டியலில் அதற்குரிய வேகத்தை எடுத்து, ஓபிபி பகுதியிடம் கொடுக்கிறது. அந்தச் செயற்கூறு சில வரிகள்தான். கடைசி வரியில் ஓபிபியை அழைக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மூன்றாம் படியில் சொன்ன வரிசை அந்த அழைப்புக்குள்தான் நடக்கிறது.