மொக்கப்பில் உண்மையான வசனத்தைப் போடுங்கள்

என்னிடம் டிசைன் பழக வரும் இரண்டு பேரின் மொக்கப்களை, அதாவது இன்ஸ்டாகிராம் போஸ்ட் போனில் எப்படித் தெரியும் என்று கடைக்காரருக்கு முன்கூட்டியே காட்டும் மாதிரிகளை, மூன்று வாரமாகப் பார்க்கிறேன். தொடக்கத்தில் நான் விட்ட அதே பிழைகள். எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அவற்றை விடுகிறேன்.

வசனம் வரமுன் இடத்தை ஒதுக்குவது

இதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்குத் தீபாவளி விளம்பரம். வசனம் வரவில்லை என்பதற்காக ‘நியூ கலெக்‌ஷன்’ என்று இரண்டே சொல் போட்டு, சுற்றிவர வெற்றிடம் விட்டு, 12 போஸ்ட்டுக்கும் மொக்கப் காட்டினேன். “நல்லாயிருக்கு தம்பி, செய்யுங்கோ” என்றார் முதலாளி.

அப்புறம் வசனம் வந்தது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். அதோடு சலுகைத் திகதி, இரண்டு தொலைபேசி இலக்கம். சிங்கள எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறிகள் உண்டு, வரி இடைவெளியைக் கூட்டாவிட்டால் ஒன்றோடொன்று முட்டும். தமிழோ நீளும்: ‘சேல்’ என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவது நமக்கு ‘மலிவு விற்பனை’. இரண்டு இரவு விழித்திருந்து 12ஐயும் புதிதாகச் செய்தேன். முதலில் காட்டிய அந்த அழகான டிசைன் எங்கே என்று அவர் கேட்டார். அவர் சம்மதித்தது செய்யவே முடியாத ஒன்றுக்கு. அது என் பிழை.

வசனம் கைக்கு வராவிட்டால் கடையின் பழைய துண்டுப்பிரசுரத்தில் இருப்பதை எடுத்து மூன்று மொழியிலும் போடுங்கள். விலைக்கு ‘ரூ. 100’ போடாதீர்கள், ‘ரூ. 18,750’ போட்டுப் பாருங்கள். கேப்ஷனையும் (போஸ்ட்டோடு வரும் எழுத்து) போனில் தெரிவதுபோலவே வெட்டிக் காட்டுங்கள். இன்ஸ்டாகிராம் தொடக்க வரிகளோடு நிறுத்திவிடும். திகதி கடைசி வரியில் இருந்தால் பலர் கண்ணில் படாது.

ஸ்டோரியின் மேலும் கீழும்

இன்ஸ்டாகிராம் ஸ்டோரியின் 1080க்கு 1920 பிக்சல் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. மேலே கணக்கின் பெயர், கீழே பதில் எழுதும் பெட்டி. மேலே ஏறத்தாழ 250 பிக்சல், கீழே 340 பிக்சல் வெறுமையாக விடுங்கள். தொலைபேசி இலக்கத்தை அடியில் வைத்து மறைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

சதுரக் கட்டம்

2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் புரொஃபைல் கட்டத்தை 3:4 ஆக்கிவிட்டது. பழைய சதுர டெம்ப்ளேட்டை அழியுங்கள்.

12,000 லைக்

கடையின் போஸ்ட்டுக்கு 40 லைக் வருகிறது என்றால் மொக்கப்பிலும் 40 தான். பெரிய எண்ணைக் கண்டால் முதலாளி அதை நீங்கள் கொடுத்த வாக்காக எடுத்துக்கொள்வார்.

இரவல் படம்

வேறெங்கோ எடுத்த படத்தை மொக்கப்பில் போடாதீர்கள். கடைக்குப் போய், அங்கே தொங்கும் புடைவையைப் போனிலாவது படமெடுத்து வாருங்கள்.