4 அடி செடித் தொட்டி: ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றும் முன் படியுங்கள்

இந்தப் பதிவு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள, நீர்ச்செடியும் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கானது. வெளி அளவுக் கணக்குப்படி 255 லிட்டர் வரும். மண், கல், மேலே விடும் இடைவெளி போக 200 லிட்டர்தான் நிற்கும். கீழே வரும் கிராம் கணக்கெல்லாம் அந்த 200 லிட்டருக்கு. முதல் தொட்டிக்கே இவ்வளவு பெரிசா என்று வீட்டில் கேட்பார்கள். புதியவர்களுக்குப் பெரிய தொட்டிதான் நல்லது என்பது என் கட்சி. தண்ணீர் அதிகம் இருந்தால் எந்தக் கோளாறும் மெதுவாகத்தான் முற்றும், சுதாரிக்க நேரம் கிடைக்கும்.

இடமும் ஸ்டாண்டும்

தண்ணீர், கண்ணாடி, மண், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 350 கிலோ வரை வந்துவிடும். மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி, பீம் ஓடும் இடத்தில் வையுங்கள். பால்கனி வேண்டவே வேண்டாம். நேர் வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம், பாசி பிடித்துவிடும்.

சென்னையில் மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் சொல்லிச் செய்தாலும் உங்கள் ஊர்க் கடையில் செய்தாலும் கண்ணாடி 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஸ்டாண்டுக்கு இரும்பு ஆங்கிள் வெல்டிங், அதன்மேல் மரைன் ப்ளைவுட், அதற்கும் மேல் ஒரு தெர்மாகோல் ஷீட். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஸ்டாண்டு பார்க்க அழகு, ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி நீளவாட்டிலும் அகலவாட்டிலும் பாருங்கள். சரிவு இருந்தால் காலியாக இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும்.

மின்சார வயர் ஒவ்வொன்றும் பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் தொட்டிக்கு முன் அதைப் போடுங்கள்.

மண்

சலித்த தோட்ட மண் ஓர் அங்குலம், அதன்மேல் மணல் ஒன்றரை அங்குலம். எரு, மண்புழு உரம் கலந்த மண் வேண்டாம், அது அம்மோனியாவைக் கொட்டும். கடல் மணலும் வேண்டாம். எம்-சாண்டில் தூள் அதிகம், கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிடும். தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்கு விற்கும் ஃபில்டர் மணலில் 2 மி.மீ. ரகம் கேட்டு வாங்குங்கள். என் விருப்பம் அதுதான். கல் எடுத்தால் அதன்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தொட்டிக்கு ஆகாது.

செடி

வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, கிரிப்டோகோரைன், நம்ம ஊர் நீர்ப்பிரமி. இந்த நான்கும் சென்னைத் தண்ணீருக்கு ஒத்துவரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிழங்குத் தண்டையும் மண்ணில் புதைக்காமல் கட்டையிலோ கல்லிலோ ஒட்டுங்கள், புதைத்தால் அழுகும். ஒட்ட ஃபெவிக்விக் போதும். கிரிப்டோகோரைன் நட்ட சில நாளில் இலை கரைந்து போகும். பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும். முதல் நாளே நெருக்கமாக நட்டுவிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம் என்று நினைத்தால் காலி இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

விளக்கு 6500 கெல்வின் எல்.இ.டி. ஃப்ளட் லைட், மொத்தம் 40 முதல் 50 வாட். எலக்ட்ரிகல் கடை விளக்கே போதும். டைமர் போட்டு முதல் மாதம் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் மட்டும். சிஓ2 சிலிண்டர் இப்போது வேண்டாம். வாலிஸ்னேரியா போன்றவை தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும்.

தண்ணீர்

எனக்கு முட்டுக்கட்டை போட்ட இடம் இதுதான். மற்ற படிகளை அவசரமாகப் படித்திருந்தாலும் பரவாயில்லை, இதை நிதானமாகப் படியுங்கள்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உணவு. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். பலரும் சொல்லாமல் விடுவது, இந்த வேலை நடக்க நடக்கத் தண்ணீரில் உள்ள கார்பனேட் குறைந்துகொண்டே போகும் என்பது. அந்தக் கார்பனேட்டின் அளவுதான் கேஎச், தண்ணீர் அமிலமாகாமல் தாங்குவது அதுதான். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா முழுக்க நைட்ரேட்டாக மாறினால் கேஎச் முக்கால் டிகிரிக்குக் கிட்டே இறங்கும்.

ஆர்.ஓ. தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் கேஎச் ஏறக்குறைய பூஜ்யம். குடிக்க நல்லது, மீனுக்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்று தொட்டி முழுக்க அதை நிரப்பினால், பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) மளமளவென்று 6க்குக் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் பாக்டீரியா கிட்டத்தட்ட வேலைநிறுத்தம். ஆறு வாரம் கழித்தும் அம்மோனியா அப்படியே நிற்கும். கடைக்காரர் பாக்டீரியா பாட்டில் இன்னொன்று விற்பார். பாட்டிலில் குறையில்லை, தண்ணீரில்தான் ஒன்றுமே இல்லை.

ஆகவே முதலில் கேஎச் அளக்கும் கிட் வாங்குங்கள். பலரும் வாங்கும் ஏபிஐ மாஸ்டர் கிட்டில் அது கிடையாது, தனியாகத்தான் வாங்க வேண்டும். தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. கடலோரப் பகுதியில் டிடிஎஸ் எகிறினால் அது வெறும் உப்பாகவும் இருக்கலாம். நமக்கு வேண்டியது கேஎச் 4 முதல் 6 வரை. உங்கள் போர் தண்ணீர் 15 காட்டினால், அதில் ஒரு பங்குக்கு ஆர்.ஓ. இரண்டு பங்கு கலந்தால் 5 வந்துவிடும். குறைவாக இருந்தால் சமையல் சோடா: 200 லிட்டருக்கு 6 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும்.

அபார்ட்மென்டில் சாஃப்ட்னர் (உப்புத் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் கருவி) ஓடுகிறதா? அந்தத் தண்ணீரில் கேஎச் அப்படியே இருக்கும், ஆனால் செடிக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் போய் சோடியம் வந்திருக்கும். சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் குளோரினை முறிக்க வேண்டும். 200 லிட்டருக்கு 3 கிராம் சோடியம் தயோசல்பேட் சாதாரணமாகப் போதும்.

இனி மீன் இல்லாமலேயே மேலே சொன்ன பாக்டீரியா சுழற்சியைத் தொடங்கலாம். லேப் கெமிக்கல் கடையில் அம்மோனியம் குளோரைடு கிடைக்கும், 1.25 கிராம் போட்டால் 2 பிபிஎம். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் சுத்தம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் லேப் சரக்கைத்தான் வாங்குவேன். போடுவதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள், தோட்ட மண்ணே 2 பிபிஎம் கொடுத்திருந்தால் எதுவும் போட வேண்டாம். நண்பர் வீட்டுப் பழைய ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து ஊற்றினால் எந்த பாட்டிலையும்விட வேகமாகப் பிடிக்கும். போட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது. நைட்ரேட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், செடி அதைத் தின்றுகொண்டே இருக்கும். நைட்ரேட் கிட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டாலும் பொய்க் கணக்குத்தான் காட்டும்.

சேர்த்தது: ஏற்கனவே மீன் விட்டாயிற்று, பிஎச் 6க்குக் கீழே, இப்போது சோடா போடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். போடாதீர்கள்! குறைந்த பிஎச்சில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவு தீங்கில்லாமல் இருக்கும். திடீரென்று பிஎச்சை ஏற்றினால் அது விஷ அம்மோனியாவாக மாறி ஓரிரவில் மீன்களைக் கொன்றுவிடும். முதலில் ஆர்.ஓ. தண்ணீரையே மாற்றி மாற்றி அம்மோனியாவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு நாளைக்கு அரை டிகிரி வீதம் கேஎச்சை ஏற்றலாம்.

மீன்

ஜீப்ரா டேனியோ, செர்ரி பார்ப் இரண்டும் நல்ல தொடக்கம். முதலில் பத்து, இரண்டு வாரம் கழித்து இன்னும் பத்து. கோல்டு ஃபிஷ் வேண்டாம், செடியைப் பிடுங்கித் தின்னும். வாரம் ஒருமுறை 50 லிட்டர் மாற்றுங்கள், அதே கேஎச் அளவில்.

வெயில் காலம்

மே மாதம் தொட்டி 32 டிகிரியைத் தாண்டும். மேல்மட்டத்தில் ஒரு சிறிய ஃபேன் ஊதினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்கும். ஆகவே குறைந்ததை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள், அங்கே அதுதான் சரி.

கரண்ட் போனால், தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கேனிஸ்டரோடு ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் வைத்து, அதன் ஏர் பம்பை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தால், வந்ததும் கேனிஸ்டரை ஓடவிடாதீர்கள். உள்ளே நிற்கும் நாற்றத் தண்ணீரை பக்கெட்டில் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.