படிக்கப் போகும் பிள்ளையும் காலாவதியாகும் கடப்பிதழும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறது என்றால், வீட்டில் எல்லாரும் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு என்றுதான் கணக்குப் போடுகிறோம். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) என்றைக்கு முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என் அக்கா மகள் எம்.பி.பி.எஸ். படிக்கக் கோயம்புத்தூர் போனபோது நாங்களும் பார்க்கவில்லை. இந்தியாவில் அந்தப் படிப்பு நாலரை ஆண்டு, அதற்கு மேல் ஓராண்டுப் பயிற்சி, ஆக ஐந்தரை. அவள் கையில் இருந்தது 5 ஆண்டுக் கடப்பிதழ், அதிலும் ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே ஓடிவிட்டது. சாதாரணக் கூட்டல்தான், ஆனால் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தீபாவளிக்கு வந்து இரண்டு வாரம் வீட்டில் இருந்தாள். அப்போதே ஈப்போ வரை போய்ப் புதுப்பித்திருக்கலாம். ஓராண்டுக்கு மேல் பாக்கி இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். கடைசியில் மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்கு நடுவில், சென்னையில் இருக்கும் மலேசியத் துணைத் தூதரகத்துக்கு ராத்திரி ரயிலேறி இரண்டு முறை போய் வந்தாள், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு. அதனால் சொல்கிறேன், விடுமுறையில் வரும்போது ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாக இருந்தாலே புதுப்பித்துவிடுங்கள். பல நாடுகள் 6 மாதமாவது பாக்கி கேட்பதால், அதில் அச்சிட்டிருக்கும் தேதிக்கு 6 மாதம் முன்பே உங்கள் கடப்பிதழ் முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்வதுதான் நல்லது.

புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், கவுண்டரில் மறக்காமல் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். விசா பழைய புத்தகத்தில் ஒட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டித்தான் பயணம் போக வேண்டும். இந்தியா என்றால் புதிய எண்ணை, வெளிநாட்டினரைப் பதியும் அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையத்தளத்திலும் மாற்ற வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு ஒட்டும் விசாவே இல்லை, எல்லாம் கணினியில் கடப்பிதழ் எண்ணோடு இணைந்திருக்கிறது. புதிய எண்ணை உங்கள் கணக்கில் மாற்றாமல் விமான நிலையத்துக்குப் போனால் விசா இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் இன்னொரு தவறு, விசா கிடைத்தால் போதும் என்று நினைப்பது. இந்தியாவில் 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால், போய் இறங்கிய 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் பதிய வேண்டும். வகுப்பு தொடங்கும் பரபரப்பில் அந்த 14 நாள் ஓடியே போய்விடுகிறது. ஹாஸ்டலை விட்டு வாடகை வீட்டுக்கு மாறினாலும் தெரிவிக்க வேண்டும், நீங்கள் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு 'சி' படிவம் என்பார்கள்) வீட்டுக்காரர் போட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விசாவை நீட்டிக்க, அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ் வேண்டும், தேதி முடியும் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, பெயர். நம் கடப்பிதழில் குடும்பப்பெயர் என்று தனியாக இல்லை, நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) மட்டும்தான். வெளிநாட்டுப் படிவமோ குடும்பப்பெயர் கேட்கும். ஒரு படிவத்தில் அப்பா பெயரை அங்கே போடுவது, இன்னொன்றில் ஏ/பியையும் சேர்ப்பது, டிக்கெட்டில் இரண்டையும் விடுவது என்று செய்தால் ஒரே பிள்ளை மூன்று ஆளாகிவிடும். பல்கலைக்கழகத்துக்கு முதல் விண்ணப்பம் போடும்போதே கடப்பிதழில் இருக்கிற எழுத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள். படிவம் இரண்டு கட்டமாகப் பிரிக்கச் சொன்னால், எப்படிப் பிரித்தீர்களோ அதையே விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் எழுதுங்கள்.

கிளம்பும் முன் டவுனில் கடப்பிதழையும் விசாவையும் இரண்டு செட் போட்டோஸ்டேட் எடுத்து ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அதன் நகலோடு தூதரகம். அந்த நேரத்தில் பழைய எண் யாருக்கும் ஞாபகம் வராது, அம்மா அலமாரியைத் திறந்து போனில் படித்துச் சொல்வார்.