தள்ளாடுற லோக்கல் இன்டர்நெட் கம்பெனியை வாங்கலாமா? முடிவு பண்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

நஷ்டத்துல ஓடுற ஒரு சின்ன ஐஎஸ்பி, அதாவது வீடுகளுக்கு நெட் கனெக்ஷன் குடுக்குற கம்பெனி, விலைக்கு வருதுன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது எவ்ளோக்கு தர்றாங்கன்னுதான், ஆனா முதல் கேள்வி ஏன் நஷ்டம்னு இருக்கணும். பில் ஒழுங்கா போடல, கம்ப்ளைன்ட் பண்ணா போன் எடுக்க ஆள் இல்ல, அதனால ஜனங்க வெறுத்துப் போய்ட்டாங்கன்னா அதை சரி பண்ணலாம், நிஜமாவே நல்ல வாய்ப்பு அது. அதே ஏரியால பெரிய கம்பெனி வீட்டு வாசல் வரைக்கும் ஃபைபர் போட்டுட்டாங்க, இவங்க இன்னும் மொட்டை மாடி ஆன்டெனாலதான் நெட் குடுக்குறாங்கன்னா நீங்க ராப்பகலா உழைச்சாலும் கஸ்டமர் கழண்டுட்டேதான் இருப்பாங்க, அதுல கை வைக்காதீங்க.

அடுத்தது கஸ்டமர் கணக்கு. ஓனர் சொல்ற நம்பர்ல பாதி எப்பவோ நிறுத்திட்டுப் போனவங்களா இருக்கலாம், சாஃப்ட்வேர்ல பேர் மட்டும் தூங்கிட்டு இருக்கும். லாகின் பண்றவங்களோட பதிவு ரேடியஸ் சர்வர்ல இருக்கும், அதுல போன 30 நாள்ல உண்மையா கனெக்ட் ஆனவங்க எத்தனை பேர்னு எடுங்க, அப்புறம் ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாருங்க. காசு கட்டி யூஸ் பண்றவங்கதான் கஸ்டமர், மத்ததெல்லாம் வெறும் பேர். மாசம் எத்தனை பேர் விட்டுப் போறாங்கன்னும் பாருங்க. மாசம் 3 சதவீதம்னா கேக்க சின்னதா இருக்கும், ஆனா புதுசா யாரும் சேரலன்னா ஒரு வருஷத்துல 100 பேர் 69 ஆயிடுவாங்க. இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு, வருஷ பிளான் அட்வான்ஸ். கைல காசு இல்லாத கம்பெனி ஆஃபர் போட்டு ஒரு வருஷ காசை மொத்தமா வாங்கி செலவு பண்ணிருக்கும், நீங்க வாங்கின பிறகு அந்த ஆளுங்களுக்கு மீதி மாசம் எல்லாம் நீங்கதான் சும்மா குடுக்கணும். அதை கடனாவே எண்ணி விலைல கழிங்க.

நெட்வொர்க்கை பேப்பர்ல பார்த்து நம்பாதீங்க, ரெண்டு விஷயம் ஸ்கிரீன்லயே காட்டச் சொல்லுங்க. ஒண்ணு, அப்ஸ்ட்ரீம் லிங்க்கோட, அதாவது இவங்க பெரிய கம்பெனிகிட்ட மொத்தமா நெட் வாங்குற லைனோட, டிராஃபிக் கிராஃப். சாயங்காலம் ஏறி உச்சத்துக்குப் போய் இறங்குச்சுன்னா ஓகே, ஆனா ராத்திரி எட்டு மணில இருந்து பதினொண்ணு வரைக்கும் ரூல் வச்சு கோடு போட்ட மாதிரி தட்டையா நின்னுச்சுன்னா வாங்கின பேண்ட்வித் (லைனோட கொள்ளளவு) பத்தலன்னு அர்த்தம், வீடியோ சுத்திட்டே நிக்குறது அதனாலதான், கஸ்டமர் ஓடுறதும் அதனாலதான். நிறைய நேரம் இதை சரி பண்றது சுலபம், பேண்ட்வித் கூட்டினா போதும், அந்த செலவை மட்டும் கணக்குல சேர்த்துக்கோங்க. இன்னொண்ணு, ஜிபான் ஃபைபரா (ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்குற முறை) இருந்தா, கம்பெனி பக்கம் இருக்கிற ஓஎல்டிங்கிற கருவில ஒவ்வொரு வீட்டு ஓஎன்யூவுக்கும் (வீட்டுல வைக்கிற ஃபைபர் பெட்டி) எவ்ளோ சிக்னல் போய் சேருதுன்னு தெரியும். சிக்னல் பலத்தை டிபிஎம்ல சொல்வாங்க, மைனஸ் நம்பர் பெருசாக ஆக சிக்னல் பலவீனம். நிறைய வீடு மைனஸ் 27 டிபிஎம் பக்கத்துல நின்னா விளிம்புல ஓடுதுன்னு புரிஞ்சுக்கோங்க. ஒரு ஃபைபரை 32ஆ பிரிக்கிற 1:32 ஸ்ப்ளிட்டர் ஒண்ணே சிக்னல்ல கிட்டத்தட்ட 17 டிபி தின்னுடும், அதுக்கு மேல கண்ட இடத்துல ஒட்டு போட்டு இன்னொரு ஸ்ப்ளிட்டரும் சொருகிருந்தா மழை வந்தா கம்ப்ளைன்ட் கொட்டும். ஓஎல்டியோட ஒரு போர்ட்ல வர்ற சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸைத்தான் அத்தனை வீடும் பங்கு போட்டுக்குது, அதையும் மனசுல வைங்க.

ஐபி அட்ரஸ், அதாவது கனெக்ஷனை நெட்ல அடையாளம் காட்டுற நம்பர், யார் பேர்ல இருக்குன்னு கண்டிப்பா கேளுங்க. அதுல பழைய வகையான ஐபிவி4 அட்ரஸோட உலக கையிருப்பு 2011லயே தீர்ந்துடுச்சு, அதனால கம்பெனி பேர்லயே பதிவான அட்ரஸ் தொகுப்பு (பிளாக்) இருந்தா அது நிஜமான சொத்து. அப்ஸ்ட்ரீம்காரங்க குடுத்ததுன்னா அவங்களை மாத்துற அன்னிக்கு அதுவும் போயிடும்.

அப்புறம் கடன். அப்ஸ்ட்ரீம் பாக்கி, கம்பத்து வாடகை, வரி, சம்பள பாக்கி எல்லாத்துக்கும் எழுத்துல கேளுங்க. கம்பெனியையே வாங்கினா கடனும் கூடவே வரும், கேபிளும் கருவியும் கஸ்டமரும் மட்டும் வாங்கினா பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனா லைசென்ஸும் கம்பத்துல கேபிள் கட்டுற பர்மிஷனும் தானா உங்க பேருக்கு மாறிடாது, வக்கீல் வச்சு பாருங்க.

எந்த கேபிள் எந்த சந்து வழியா போகுதுன்னு தெரிஞ்ச லைன்மேன் ஒருத்தர் இருப்பார், மேப் எல்லாம் அவர் தலைக்குள்ளதான் இருக்கும். டீல் முடியுறதுக்கு முன்னாடி ஓனர் சம்மதத்தோட அவரோட ஒரு நாள் சுத்துங்க, அவர் இருப்பாரா போயிடுவாரான்னு நேராவே கேளுங்க. சம்பளம் வராமலும் லைனை உயிரோட வச்சிருக்கிற ஆள் அவர்தான், அவருக்கு மரியாதையா ஒரு சம்பளம் பேசி வைக்காம வாங்காதீங்க.

விலைக்கு, காசு கட்டுறவங்களால மாசம் செலவு போக நிக்குற தொகையை வச்சு ஒரு விலை போட்டு, அதுல இருந்து ரிப்பேர் செலவையும் அட்வான்ஸ் கடனையும் கழிங்க, அதே ஏரியால புதுசா லைன் இழுத்தா எவ்ளோ ஆகும்னு பக்கத்துல வச்சு பாருங்க. மொத்தத்தையும் ஒரே தடவைல குடுக்காதீங்க, ஒரு பங்கை நிறுத்தி வச்சு ஆறு மாசம் கழிச்சு எத்தனை கஸ்டமர் மிச்சம் இருக்காங்களோ அதுக்கேத்த மாதிரி குடுக்குறேன்னு அக்ரிமென்ட்ல எழுதுங்க. அதுக்கும் ஒத்துக்கல, ரேடியஸையும் கிராஃபையும் திறந்து காட்டவும் மாட்டேங்குறார்னா எழுந்து வந்துடுங்க.