கீமோ முடிந்து வீடு வந்த பெரியவர்கள்: பாசத்தில் நாம் செய்யும் தவறுகள்

"அப்பா, நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தரேன்." கேன்சருக்குக் கீமோ முடிந்து அப்பா வீட்டுக்கு வந்த முதல் மாதம் முழுக்க நான் சொன்னது இதைத்தான். தண்ணீர், பேப்பர், மாத்திரை எல்லாம் கட்டிலுக்கே போயின. மாதக் கடைசியில் கையை ஊன்றாமல் அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. வியாதிதான் திரும்பிவிட்டதோ என்று பதறிப் போனோம். கரைந்திருந்தது தொடைத் தசை.

2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. கீமோவில் சாப்பாடும் குறைந்தவருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

"சோர்வா இருக்காரே, தூங்கட்டும்" என்பது அடுத்த தவறு. கேன்சர் சோர்வு தூங்கினால் தீர்வதில்லை. மிதமான நடைதான் அதைக் குறைக்கிறது. கூடத்துக்குள்ளேயே 5 நிமிடம், நாளுக்கு மூன்று வேளை போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. அதே நேரம், தெம்பாக இருக்கிற ஒரு நாளில் மொத்தமாக நடந்துவிட்டு இரண்டு நாள் படுத்துவிடவும் விடாதீர்கள்.

நடை மட்டும் போதும் என்று விட்டுவிடுகிறோம். கால் பலத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். பொத்தென்று உட்காரக் கூடாது, இறங்கும்போதுதான் தொடை நன்றாக வேலை செய்கிறது. முதலில் ஐந்து முறை. கூடவே முட்டை, மீன், பருப்பு என்று புரதமும் வேண்டும்.

அப்புறம் செருப்பு. பாக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் பாதத்தை மரத்துப்போக வைக்கும். அப்பாவின் ரப்பர் செருப்பு ஒருநாள் வாசலிலேயே கழன்று கிடந்தது. அவர் அது தெரியாமலேயே சமையலறை வரை வந்துவிட்டார். அன்றே பின்வார் வைத்த செருப்பு வாங்கினோம். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கும் போட்டோம்.

கேன்சர் எலும்பில் பரவியிருந்தாலோ, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தாலோ டாக்டரிடம் கேட்காமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், நெஞ்சு வலித்தாலும், புதிதாக முதுகு வலி வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.