தராசுல ஏத்துறதுக்கு முன்னாடி

வியாசர்பாடியில காயலாங்கடை வச்சிருக்கேன். மூட்டை வந்ததும் எடை போட மாட்டேன். முதல்ல உள்ளே கையை விட்டு ஈரம் இருக்கான்னு பார்ப்பேன். அடியில துளி சாம்பார் ஒழுகியிருந்தாலும் மேல இருக்கிற பேப்பர் வரைக்கும் நாறிடும். அதனால சமையக்கட்டுக் குப்பைக்கு ஒரு டப்பா, காய்ஞ்சதுக்கு ஒரு சாக்கு. இதை மட்டும் செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

பால் கவரை எல்லாரும் தப்பாத்தான் வெட்டுறாங்க. மூலையை முழுசா நறுக்கினா அந்தச் சின்னத் துண்டு சாக்கடைக்குப் போயிடும், யாராலயும் பொறுக்க முடியாது. கத்தரியை முக்கால்வாசியோட நிறுத்துங்க, துண்டு கவரோடயே தொங்கட்டும். பால் ஊத்தினதும் கொஞ்சம் தண்ணி விட்டு அலசி அதைச் செடிக்கு ஊத்திடுங்க. கவரைக் கொடியில கிளிப் போட்டுக் காயவச்சு, தட்டி அடுக்கிக் கட்டுங்க. அலசாத கவர் மறுநாளே புளிச்சு, ஈ மொய்க்கும்.

தண்ணி பாட்டிலுக்கு மூடியைக் கழட்டி, மிதிச்சு நசுக்குங்க. பாட்டில் ஒரு ரகம், மூடி வேற ரகம். அரைச்சுத் தண்ணியில போட்டா பாட்டில் துண்டு முங்கும், மூடித் துண்டு மிதக்கும். மூடியையும் குடுங்க, காசுதான். சிப்ஸ் கவர் மட்டும் வேண்டாம்: பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடக்கும், எங்களால பிரிக்க முடியாது. அதை சிமென்ட் ஆலைச் சூளையில எரிக்கத்தான் அனுப்புறாங்க.

ஆபீஸ் சரக்குன்னா எனக்கு ஆசைதான், வெள்ளைத்தாளுக்கு நல்ல ரேட்டு. ஆனா மூட்டையை அவுத்தா ஸ்பைரல் கம்பி, பிளாஸ்டிக் ஃபைல், டீ கப்பு எல்லாம் கலந்து கிடக்கும். ஆபீஸ் பையன் மேல கோபப்பட்டு என்ன பண்றது, பிரிச்சுப் போட அவருக்கு ஒரு பெட்டி வச்சுக் குடுத்தாத்தானே? பிரின்டர் பக்கத்துலயே தாளுக்கு மட்டும்னு ஒரு அட்டைப்பெட்டி வையுங்க சார். ஸ்டேப்ளர் பின்னைப் புடுங்க வேண்டாம், பேப்பர் மில்லுல தாளைக் கூழாக்கிச் சலிக்கும்போது தானா பிரிஞ்சிடும். ஸ்பைரலையும் பிளாஸ்டிக் அட்டையையும் கழட்டிடுங்க. பேப்பர் கப்புக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் இருக்கு, அது தாளோட சேராது. கடை பில்லை நகத்தால கீறிப் பாருங்க: கறுப்புக் கோடு விழுந்தா அது ரசாயனம் தடவின தாள், எடுத்துடுங்க. எல்லாத்தையும் ஷ்ரெட்டர்ல விடாதீங்க, தாளுல இருக்கிற நார் குட்டையாயிடும். கணக்கு நம்பர் இருக்கிறதை மட்டும் வெட்டினாப் போதும்.

அட்டைப்பெட்டியில டேப்பை உரிச்சு, மடிச்சுத் தட்டையாக்குங்க. எண்ணெய் ஊறின பீட்சா பெட்டியில மூடி சுத்தமா இருந்தா அதை மட்டும் கிழிச்சுக் குடுங்க.

உடைஞ்ச கண்ணாடியைச் சாக்குல போட்டுடாதீங்க அக்கா, பிரிக்கிறவங்க வெறுங்கையாலதான் பிரிக்கிறாங்க. அட்டைப்பெட்டியில வச்சு ஒட்டி, மேல ‘கண்ணாடி’ன்னு எழுதுங்க. பழைய ஒயரை எரிச்சுச் செம்பு எடுக்கிறவங்ககிட்ட குடுக்காதீங்க, அந்தப் புகை விஷம், உரிச்சுத்தான் எடுக்கணும். செல்போன் பேட்டரியை நான் வாங்கமாட்டேன். நசுங்கினா தீப்பிடிக்கும், சுத்தி இருக்கிறது பூரா பேப்பர். முனையில டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்க அனுமதி வாங்கினவங்ககிட்ட குடுங்க.